பத்துக் கிலோ பொன்னி

மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
காரோ சின்னது; அதன் தலையில்
நீளமாய் எதையும் கட்டி ஓட்ட எனக்குத் துணிவில்லை.
ஆகவே படகு
போர்வைபோல மடிந்து
கட்டிலுக்கடியில் கிடக்கச் சம்மதிக்க வேண்டும்.

ஃபிஷ்விக் கடைப் பையன் கேட்டான்:
எத்தனை பேருக்கு?
ஓட்டலிலும் இதைத்தான் கேட்பார்கள்.
ஒருவர் என்றதும்
எதிரே இருக்கும் தட்டையும் தம்ளரையும்
ஓசைப்படாமல் எடுத்துப் போவார்கள்.
இவன் எதையும் எடுக்கவில்லை.
ஒற்றை இருக்கைக் கயாக்கைத் தரையில் விரித்து
உட்காரச் சொன்னான். கால் நீளவில்லை.
இரட்டையை எடுங்கள், இருக்கையை
நடுவுக்கு நகர்த்தினால் தீர்ந்தது,
மஞ்சள், போன வருடச் சரக்கு, விலை குறைவு.
பதினாறு கிலோ.
இரவுப் பணியில் ஆட்களைப் புரட்டிப் படுக்கவைக்கும் கைகள்;
தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜின்னிண்டெரா ஏரி, முதல் ஞாயிறு.
இடப்பக்கம் எழுபது அழுத்து, வலப்பக்கம் எழுபது,
தரைக்கு இன்னும் நூறு,
முள் சிவப்பைத் தொடும்முன் நிறுத்த வேண்டும்.
வால்வுக்குள் ஒரு குமிழ் உண்டு.
நிமிர்ந்து நின்றால், போன காற்று திரும்பாது.
அமுங்கிக் கிடந்தால் எல்லாம் திரும்பும்.
என்னுடையது அமுங்கிக் கிடந்தது.
குழாயைக் கழற்றினேன்.
கால்மணி நேர வியர்வை
புஸ்ஸென்று கருப்பு அன்னங்களின் பக்கம் போயிற்று.

மறுபடி எழுபது.

தண்ணீரில் இறங்கியதும் படகு
என்னைச் சுற்றிக் காட்டியது: பாலம், மரம், கோபுரம், பாலம்.
அடியில் மாட்டும் வால்துடுப்பு
பைக்குள்ளேயே பத்திரமாய் இருந்தது.

இரண்டாம் ஞாயிறு வாலை மாட்டினேன்.
இப்போது மூக்கு.
முன்னே ஆளில்லாததால் அது
வானத்தை முகர்ந்துகொண்டு வந்தது;
மேற்கே மலையிலிருந்து இறங்கிய காற்று
அதைப் பிடித்துக்
கன்றைத் திருப்புவதுபோல் திருப்பிற்று.
துடுப்பு வலிப்பதென்றால்
இரண்டு அர்த்தமும்தான் என்றது தோள்.

மூன்றாம் ஞாயிறு
காரின் பின்னால் பத்துக் கிலோ பொன்னி கிடந்தது,
வெள்ளியன்று வாங்கி, மாடியேற்றச் சோம்பல்பட்டு.
நீர் புகாத பையில் போட்டு, வாயை மூன்று மடிப்பு மடித்து,
முன்னே வைத்துக் கட்டினேன்.
மூக்கு தாழ்ந்தது.
படகு நேராகப் போயிற்று, அத்தனை நேராக,
நான்தான் திசை சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நதியின் பெயரை மூட்டை கட்டி
ஓடாத தண்ணீரில் ஏற்றிக்கொண்டு போகிறேன்
என்பது நடு ஏரியில்தான் உறைத்தது.
அது ஒன்றும் சொல்லவில்லை.

வார்டில் நான் தில்.
தில்லைநாயகி அவர்கள் வாயில் அவ்வளவுதான் தங்கியது.
அந்த ஒற்றை எழுத்துக்கும் மெய்க்கும்
எங்களிடம் வேறு பொருள் உண்டென்று நான் சொன்னதில்லை.
தில், யாருடன் போகிறாய், தனியாகவா? என்றாள் ப்ரான்வின்.
பொன்னியுடன், என்றேன்.
நல்லது, ஒருநாள் தேநீருக்குக் கூட்டி வா.
சரி, என்றேன்.

ஆனால் தனிதான்.
அதனால் கரையோரம் இடுப்பளவு நீரில்
வேண்டுமென்றே ஏழு முறை விழுந்து பார்த்தேன்.
ஏறுவதற்குக் கையை நம்பக் கூடாது;
உடலை நீரின்மேல் நீட்டிக் காலை உதறினால்
வயிறு தானே மேலே வரும்.
ஏழில் நான்கு வந்தது.
நான்கு போதும் என்று நடுவுக்குப் போவதில்லை.
உயிர்க்கவச வார் மார்பை இறுக்க,
நீந்தி வரக்கூடிய தூரத்தில்
கரையைச் சுற்றியே போகிறேன்.

வீட்டில் பால்கனியில் காய்கிறது படகு.
மடிப்பில் ஈரம் நின்றால் பூஞ்சை நாறும்.
கட்டடச் சங்கத்திலிருந்து கடிதம்:
உங்கள் மஞ்சள் பொருளைத் தயவுசெய்து.
வாக்கியத்தை முடித்திருந்தார்கள், நான் படிக்கவில்லை.

பையைப் பிரித்து
இரண்டு ஆழாக்கு அளந்து உலையில் போட்டேன்.
அடுத்த ஞாயிறு தண்ணீரில் இறக்கியதும்
மூக்கைப் பார்த்தேன்,
அதற்குத் தெரிந்துவிட்டதா என்று.